கேரவனில் ஆஸ்திரேலியாவைச் சுற்ற விரும்பும் தம்பதியருக்கு ஒரு செலவுத் திட்டம்

ஆஸ்திரேலியாவின் கரையோரமாகச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். பணி ஓய்வு பெற்றவர்களும், நீண்ட விடுப்பு எடுத்த நடுவயதினரும் காருக்குப் பின்னால் மாட்டும் நடமாடும் வீடான கேரவனை இழுத்துக்கொண்டு அந்தச் சாலையில் புறப்படுவது அந்நாட்டில் பழகிப்போன காட்சி; மெல்போர்ன், சிட்னி, பெர்த் போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளைகள் வளர்ந்த பிறகு இந்த ஆசை தலைகாட்டுகிறது. ஆனால் நெடுஞ்சாலையை மட்டும் ஒட்டிச் செல்பவர் எவருமில்லை. நாட்டின் நடுவிலுள்ள உலுரு என்ற பெரும் பாறைக்கு உள்நோக்கித் திரும்பினாலும், வடகிழக்கு முனையான கேப் யார்க் பக்கம் வடக்கே ஏறினாலும், மளிகைக்காகப் பக்கத்து ஊருக்குப் போய் வந்தாலும் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். ஆகவே ஓராண்டுச் சுற்றுக்கு 25,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. இந்தப் பயணத்துக்கு அது உதவாத கேள்வி என்பது என் கருத்து. நகராமல் ஆற்றங்கரையில் நிற்கும் நாளின் செலவும், 600 கிலோமீட்டர் ஓட்டிய நாளின் செலவும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் அந்த எண் எந்த நாளுக்கும் பொருந்தாது. செலவை மூன்று பைகளாகப் பிரிப்பதே சரியான வழி. நின்றாலும் நகர்ந்தாலும் மாதந்தோறும் போகும் நிலைச்செலவு முதலாவது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போகும் ஓட்டச்செலவு இரண்டாவது. இரவுக்கு இவ்வளவு என்று போகும் தங்கும் செலவு மூன்றாவது. உணவும் பொழுதுபோக்கும் தனியே வாரக் கணக்கில் சேரும். இப்படிப் பிரித்துவிட்டால், பணம் குறையும்போது எந்தக் குழாயை அடைக்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஓட்டச்செலவு

கேரவனை இழுக்கும் டீசல் வண்டி 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 லிட்டர் வரை குடிக்கும். 17 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 25,000 கிலோமீட்டருக்கு 4,250 லிட்டர் தேவை. நகர விலையையும் தொலைதூர விலையையும் கலந்து லிட்டருக்கு 2.10 ஆஸ்திரேலிய டாலர் என்று போட்டால் 8,925 டாலர் ஆகிறது. இது ஒரு மாதிரிக் கணக்குத்தான். நீங்கள் புறப்படும் வாரத்து விலையைக் கொண்டு இதை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய ஊர்களில் இருக்கும் விலைக்கும் நல்லார்பார் சமவெளி, கிம்பர்லி போன்ற இடங்களில் தனித்து நிற்கும் ரோட்ஹவுஸ்கள் என்ற நெடுஞ்சாலை பங்க்குகளின் விலைக்கும் இடையே நிறைய வேறுபாடு உண்டு. அந்த இடங்களில் பேரம் பேச வழியில்லை. பெரிய ஊரை விட்டு வெளியேறும்போது டேங்க்கை நிரப்பிக்கொள்வதும், ரோட்ஹவுஸில் அடுத்த ஊரை எட்டும் அளவுக்கு மட்டும் போட்டுக்கொள்வதும் சிலருக்குக் கஞ்சத்தனமாகத் தோன்றினாலும் ஆண்டு முடிவில் நூற்றுக்கணக்கான டாலரை மிச்சப்படுத்தும் பழக்கங்கள். ஆனால் தொலைதூரப் பகுதிகளில் மட்டுமட்டாக எரிபொருள் போட்டு மிச்சம் பிடிக்கக் கூடாது. எதிர்க்காற்று அடித்தால் எரிபொருள் கணக்கு தலைகீழாகிவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபியூவல்வாட்ச் என்ற அரசுத் திட்டம் 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மறுநாள் விலை முதல் நாள் பிற்பகலிலேயே தெரிந்துவிடுவதால், இன்று நிரப்புவதா நாளை நிரப்புவதா என்று முடிவு செய்வது எளிது. நியூ சௌத் வேல்ஸில் ஃபியூவல்செக் என்ற அரசுச் செயலி நடப்பு விலையைக் காட்டுகிறது. இவற்றைவிடப் பெரிய சேமிப்பு வலது காலில் இருக்கிறது. கேரவன் என்பது காற்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு சுவர். வேகம் கூடக் கூட அதன் எதிர்ப்பு பல மடங்காகும் என்பதால், மணிக்கு 105 கிலோமீட்டரில் ஓட்டுபவர் 90-க்கு இறங்கினால் வித்தியாசத்தை அடுத்த பங்க்கிலேயே உணர்வார்.

டீசலோடு ஓட்டச்செலவு முடிந்துவிடுவதில்லை. இரட்டை அச்சு கேரவனுக்கு நான்கு, காருக்கு நான்கு என்று எட்டு டயர்கள் தேய்கின்றன. கார் சர்வீஸ், கேரவனின் பிரேக், 10,000 கிலோமீட்டருக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை வீல் பேரிங்குக்குக் கிரீஸ் போடுவது ஆகியவற்றையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 15 சென்ட் ஒதுக்குவது நியாயமாக இருக்கும். 25,000 கிலோமீட்டருக்கு இது 3,750 டாலர். இந்தப் பணத்தை ஓடிய தூரத்தைப் பார்த்து வாராவாரம் தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நான்கு டயர்களை ஒரே நாளில் மாற்ற நேரும்போது அது விபத்துபோலத் தோன்றும். உண்மையில் அது எப்போதோ எதிர்பார்த்திருக்க வேண்டிய செலவு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அதே தம்பதியர் ஆண்டுக்கு 25,000-க்குப் பதில் 15,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் டீசலில் 3,570 டாலரும் தேய்மானத்தில் 1,500 டாலரும் மிஞ்சும். வேறு எந்தச் சிக்கனமும் இந்த அளவுக்குப் பலன் தராது. நாட்டை ஓராண்டில் சுற்றியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு இரண்டாண்டாக்குங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தங்கும் செலவு

மின்சார இணைப்புள்ள இடத்துக்குக் கேரவன் பார்க்குகள் ஊரையும் பருவத்தையும் பொறுத்து இரவுக்கு 40 முதல் 70 டாலர் வரையும், புகழ்பெற்ற கடற்கரைகளில் விடுமுறைக் காலத்தில் அதற்கு மேலும் வாங்குகின்றன. 55 டாலர் என்று வைத்து ஆண்டு முழுவதும் பார்க்கிலேயே தங்கினால் 20,000 டாலருக்குச் சற்று மேலே போகும். வாரத்தில் இரண்டு இரவு பார்க்கில், இரண்டு இரவு 20 டாலர் அளவில் கிடைக்கும் ஷோகிரவுண்ட் (ஊர்க் கண்காட்சித் திடல்) அல்லது தேசியப் பூங்கா முகாமில், மூன்று இரவு கட்டணமில்லாத இடத்தில் என்று கலந்தால் வாரத்துக்கு 150 டாலர், ஆண்டுக்கு 7,800 டாலர். இலவச இடங்களைக் கண்டுபிடிக்க விக்கிகேம்ப்ஸ் செயலியைப் பெரும்பாலோர் பயன்படுத்துகின்றனர். அத்தகைய இடங்களில் 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று வரம்பு இருக்கும். அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் கூடுதலாக நின்றால் நகராட்சி அபராதம் விதித்துவிடும்.

இலவச முகாம் உண்மையில் இலவசமன்று. அங்கே தங்க வேண்டுமானால் கேரவனுக்குள் கழிவறை, போதிய தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை, லித்தியம் பேட்டரி ஆகியவை வேண்டும். அவற்றுக்குச் செலவழித்த பணம் எத்தனை இரவுகளில் திரும்பி வரும் என்று கணக்கிட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் 5,000 டாலர் ஆகிறதென்றால், 55 டாலர் பார்க்கைத் தவிர்க்கும் ஒவ்வோர் இரவும் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. ஏறக்குறைய 90 இரவுகளில் போட்ட முதல் மீண்டுவிடும். ஆண்டு முழுவதும் சுற்றுபவருக்கு இது லாபம். ஆறு வாரப் பயணத்துக்கு நட்டம்.

இங்கே பருவம் குறுக்கிடுகிறது. மிக்ஸியும் விளக்கும் ஃபிரிஜ்ஜும் பேட்டரியில் ஓடிவிடும். ஏர் கண்டிஷனரை இரவு முழுவதும் ஓட்டச் சாதாரண பேட்டரி தாங்காது. எனவே வெயில் கொளுத்தும் இடத்தில் இருந்தால் பவர் சைட் எனப்படும் மின் இணைப்புள்ள இடத்தின் வாடகையைத் தவிர்க்க முடியாது. வடக்கே மே முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம். நவம்பரில் தொடங்கும் ஈரப் பருவத்தில் புழுக்கமும், வெள்ளத்தால் சாலை அடைபட்டு நாட்கணக்கில் காத்திருக்கும் நிலையும் உண்டு. குளிர்காலத்தில் (அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) வடக்கிலும் கோடையில் (டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) தெற்கிலும் இருப்பதுபோல் பாதையை அமைப்பது வசதிக்காக மட்டுமல்ல, தங்கும் செலவைக் குறைப்பதற்காகவும்தான். அதே நேரத்தில் எல்லோரும் அப்படியே நினைப்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வடமேற்கிலுள்ள புரூம், எக்ஸ்மத் போன்ற ஊர்களில் இடம் கிடைப்பது அரிது. ஜனவரியில் தெற்குக் கடற்கரையும் அப்படியே. விளிம்பு மாதங்களான மே, செப்டம்பர் ஆகியவற்றைப் பிடிக்க முடிந்தால் நல்லது. வாரத்துக்கு ஆறு இரவு வாடகை கட்டினால் ஏழாம் இரவு இலவசம் என்று அறிவிக்கும் பார்க்குகளும் உண்டு; மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் அது பயன்படும்.

நுழைவுக் கட்டணங்களையும் இந்தப் பையிலேயே சேர்க்கலாம். உலுரு பூங்காவுக்கு அண்மை ஆண்டுகளில் ஒருவருக்கு 38 டாலர். வடக்கிலுள்ள காக்கடு தேசியப் பூங்காவுக்கு வறண்ட பருவத்தில் ஒருவருக்கு 40 டாலர். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆளுக்கன்றி வண்டிக்குக் கட்டணம் என்பதால், பல பூங்காக்களுக்குச் செல்லும் எண்ணம் இருந்தால் ஆண்டுச் சீட்டை வாங்கிவிடலாம். டாஸ்மேனியாவுக்குப் போவதானால் ஜீலாங்கிலிருந்து டெவன்போர்ட்டுக்குச் செல்லும் கப்பலில் கேரவனின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும். அதைச் சில்லறைச் செலவாக நினைக்காமல் தனி வரியில் எழுதி, பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

எடையும் அடுப்பும்

தமிழ்ச் சமையலறையைக் கேரவனுக்குள் கொண்டுபோவதில் பணமும் எடையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ஒரு கேரவனின் அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 2,700 கிலோ, வெறும் வண்டியின் எடை 2,250 கிலோ என்றால், சாமான்களுக்கு மீதி 450 கிலோதான். 95 லிட்டர் தொட்டிகள் இரண்டு நிரம்பினாலே 190 கிலோ போய்விடும். கேஸ் சிலிண்டர், வெளித் திரை, நாற்காலி, கருவிப் பெட்டி, இருவரின் உடைகள் என்று கூட்டினால் 20 கிலோ அரிசி மூட்டைக்கும் வெட் கிரைண்டருக்கும் இடமில்லை என்பது தெளிவாகும். எடை மீறினால் அபராதம் ஒரு பக்கம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடலாம் என்பது பெரிய ஆபத்து. புறப்படுமுன் எல்லாம் ஏற்றிய நிலையில் எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பதற்கு ஆகும் சிறு தொகையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

அரிசி, துவரம்பருப்பு, புளி, மசாலாப் பொடிகள் ஆகியவற்றை ஐந்து கிலோ அளவுகளில் டார்வின், கெய்ர்ன்ஸ், பெர்த் போன்ற பெரிய ஊர்களிலுள்ள இந்தியக் கடைகளில் நிரப்பிக்கொள்ளலாம். நடுவிலுள்ள சிற்றூர்களில் எதிர்பார்க்க வேண்டாம். பிரஷர் குக்கர் கண்டிப்பாக வேண்டும். பருப்பும் சோறும் அதில் ஒன்றாக வெந்துவிடுவதால் கேஸ் வெகு நாள் வரும். இருவருக்கு வாரத்துக்கு 230 டாலர் என்று மளிகைக்கு ஒதுக்கினால் ஆண்டுக்கு 11,960 டாலர் ஆகிறது. சமைத்துச் சாப்பிடும் வீட்டில் இது பெரும்பாலும் போதும், வடக்கில் காய்கறி விலை கூடும் வாரங்களைச் சேர்த்தாலும். வாங்கிய காய்கறியை வீணாக்காமல் இருக்க மாநில எல்லைகளை நினைவில் வைக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில் பழம், காய், தேன் ஆகியவற்றை ஒப்படைக்க வேண்டும். கிழக்கே திரும்பும்போது தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவில் பழத்துக்கும் காய்க்கும் சோதனை உண்டு. தொட்டியில் வளரும் கறிவேப்பிலைச் செடியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கனவு காண வேண்டாம். செடூனாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்குச் சூப்பர் மார்க்கெட் கிடையாது. ஆகவே எல்லைக்கு முன்பே காய்களைச் சமைத்துக் கூட்டாகவோ குழம்பாகவோ ஆக்கிவிட்டு, அடுத்த பகுதிக்குப் பருப்பு, உலர்ந்த வற்றல், ஊறுகாய் என்று திட்டமிடுவது சரியாக வரும்.

நிலைச்செலவும் வீடும்

கார், கேரவன் இரண்டின் பதிவும் காப்பீடும், சாலை உதவி, தொலைபேசி, மருத்துவக் காப்பீடு ஆகியவை நிலைச்செலவு. இது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மாதிரிக்காக ஆண்டுக்கு 8,000 டாலர் என்று கொள்வோம். இதில் இரண்டு இடங்களில் சிக்கனம் கூடாது. சாலை உதவித் திட்டத்தில் கேரவனும் சேர்ந்திருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் வரை இழுத்துச் செல்வார்கள் என்பதைப் படித்துப் பார்த்து உயர்ந்த திட்டத்தையே எடுக்க வேண்டும். அடுத்தது ஆம்புலன்ஸ். அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர் அதற்குப் பணம் தராது. குயின்ஸ்லாந்துவாசிகளுக்கு மாநில அரசு ஏற்கிறது, விக்டோரியா போன்ற மாநிலத்தவர் உறுப்பினர் சந்தா கட்டியிருக்க வேண்டும். தொலைதூரத்திலிருந்து ஒருமுறை தூக்கி வர நேர்ந்தால் அந்தச் சந்தாவின் அருமை புரியும். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள் 2023 செப்டம்பரில் தொடங்கிய 60 நாள் மருந்துச் சீட்டு தங்கள் மருந்துக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மருந்துக்கடை தேடும் அலைச்சல் பாதியாகும்.

சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்புபவர்கள் வாடகை முழுவதையும் வருமானமாக எழுதக் கூடாது. மேலாண்மைக் கட்டணம், வீட்டு உரிமையாளர் காப்பீடு, நகராட்சி வரி, ஆளில்லாமல் கிடக்கும் வாரங்கள், எதிர்பாராமல் பழுதாகும் வெந்நீர்க் கருவி என்று கழித்துக்கொண்டே வந்தால் கையில் வருவது வேறு எண்ணாக இருக்கும். இடையில் வேறொரு வீட்டை முதன்மை வீடாகக் காட்டாதவரை, வாடகைக்கு விட்ட வீட்டை ஆறு ஆண்டுகள் வரை முதன்மை வீடாகவே கருதி மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்குக் கோர வரிச் சட்டம் இடமளிக்கிறது. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு என்பது வேறு.

கேரவனின் விலையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அதற்கென்று ஒரு சொல் மட்டும்: புதிய வண்டி கடையை விட்டு வெளியே வந்த முதல் சில ஆண்டுகளில்தான் அதிகம் மதிப்பிழக்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுள்ள, ஈரம் கசியாத வண்டியைத் தேர்ந்தெடுத்து வாங்கினால் அந்த இழப்பை முன்னவரே ஏற்றுக்கொண்டிருப்பார்.

இருவர் என்பதால் வரும் செலவுகள்

மேலே போட்டவற்றோடு, உலாவுக்கும் எப்போதாவது வெளியே சாப்பிடுவதற்கும் வாரத்துக்கு 80 டாலர், ஆளுக்கு வாரம் 50 டாலர் கைச்செலவு என்று சேர்த்தால் ஆண்டுத் தொகை ஏறத்தாழ 50,000 டாலருக்கு வந்து நிற்கும். வாரத்துக்கு 960 டாலர் அளவு. இதில் முதலில் வெட்டத் தோன்றுவது கைச்செலவு. அதை வெட்ட வேண்டாம். ஆறு மீட்டர் நீளமுள்ள அறையில் இரவும் பகலும் சேர்ந்திருக்கும் இருவருக்கு, கணக்குச் சொல்லத் தேவையில்லாத ஒரு சிறு தொகை இருப்பது சண்டையைக் குறைக்கும். தூண்டில் வாங்கினாலும் நூல்கண்டு வாங்கினாலும் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. அதே போல 200 டாலருக்கு மேற்பட்ட எதையும் இருவரும் ஒப்புக்கொள்ளாமல் வாங்குவதில்லை என்றும் ஒரு வரம்பை வைத்துக்கொள்ளலாம்.

கேரவனை இழுத்து ஓட்டவும் பின்னோக்கி நிறுத்தவும் இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் கணவர் மட்டுமே ஓட்டுகிறார். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டாலும் கண்புரை அறுவை செய்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், வாடகை ஏறிக்கொண்டே போகும், இல்லையேல் ஆள் வைத்து ஓட்ட வேண்டும். ஒருநாள் பயிற்சி வகுப்புக்கு இருவரும் பணம் கட்டிச் சேர்வது காப்பீட்டுக்குச் சமம்.

தமிழ்த் தம்பதியரின் திட்டத்தில் இன்னொரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வயதான பெற்றோர் இருந்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் கிளம்ப வேண்டியிருக்கும். டார்வினிலிருந்தோ பெர்த்திலிருந்தோ அவசரமாக எடுக்கும் இரண்டு விமானச் சீட்டுகளும், கேரவனைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுச் செல்லும் வாடகையும் சேர்ந்து பல ஆயிரம் டாலர் ஆகிவிடும். இதற்கென்று தனித்தொகையை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பணத்தில் டயர் வாங்கக் கூடாது. வழியிலுள்ள உறவினர் வீட்டு வாசலில் கேரவனை நிறுத்தினால் வாடகை மிச்சம் என்று நினைப்பவர்கள், கைவீசிக்கொண்டு போக முடியாது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. பிள்ளைகளுக்குப் பரிசு, ஒருநாள் விருந்து, இடையில் வரும் பிறந்தநாள் என்று கூட்டிப் பார்த்தால் சில நேரங்களில் பவர் சைட்டே மலிவாக இருக்கும்.

புறப்படுமுன் ஒரு மாதம் சொந்த மாநிலத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு செலவையும் எந்தப் பையைச் சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே நான் எழுதிய எண்களை அடித்துவிட்டு உங்கள் எண்களை எழுத அந்த மாதம் போதும். பயணத்தில் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த வாரம் ஓடிய தூரம், இரவு வாடகை, மளிகை ஆகிய மூன்றை மட்டும் எழுதினால் போதுமானது. ஓட்டச்செலவு எல்லை மீறிய வாரத்துக்கு அடுத்த வாரம் நகராமல் நிற்பதே திருத்தம்.

கடைசியாக, திரும்பி வரும் பணம். பயணம் முடிந்து இறங்கும் நாளில் வாடகை வீட்டுக்கு முன்பணமும் முதல் வாடகையும், சொந்த வீடென்றால் வாடகைதாரர் விட்டுச்சென்ற பழுதுகளும், மின்சார, இணைய இணைப்பும், வேலைக்குத் திரும்புபவருக்கு முதல் சம்பளம் வரும்வரை வீட்டுச் செலவும் தேவைப்படும். மூன்று மாதச் செலவுக்கு இணையான தொகையைப் புறப்படும் முன்பே ஒரு காலவைப்பில் பூட்டி வைத்துவிட வேண்டும். கேரவனை விற்றுத்தான் அந்தப் பணத்தைப் புரட்ட வேண்டிய நிலை வந்தால், குளிர்காலத்தில் தெற்கு நகரங்களில் வாங்க ஆளில்லாமல் விலையை இறக்க நேரிடும். வசந்தம் வரை காத்திருக்கக் கையில் பணம் இருப்பவருக்குத்தான் நல்ல விலை கிடைக்கும்.